சாவி யார் கையில்?

2004 ஏப்ரல் 20, இரவு 11 மணி 32 நிமிடம் 17 விநாடி. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஒரு நீதிமன்றம் எழுதிய தீர்ப்பில் இந்த நேரம் விநாடி பிசகாமல் பதிவாகியிருக்கிறது. கூடவே ஓர் ஐ.பி. முகவரி. அந்த முகவரிக்குரிய தொலைபேசி இணைப்பு சாங்ஷா நகரில் எந்த வட்டாரத்தில், எந்தக் கட்டடத்தில் இருந்தது என்ற விவரமும் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் ஒரு வணிகப் பத்திரிகை இயங்கிவந்தது. அங்கே வேலை பார்த்த ஷி தாவ் என்ற பத்திரிகையாளர், நியூயார்க்கிலிருந்து நடத்தப்பட்ட ஒரு ஜனநாயக ஆதரவு இணையதளத்துக்குத் தன் யாஹூ கணக்கிலிருந்து அன்றிரவு சில குறிப்புகளை அனுப்பினார். தியானன்மென் படுகொலையின் 15-ஆம் ஆண்டு நெருங்கும் வேளையில் பத்திரிகைகள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கட்சி மேலிடம் போட்ட உத்தரவின் சாரம்தான் அவற்றில் இருந்தது. இரண்டே நாளில், ஏப்ரல் 22 அன்று, பெய்ஜிங்கின் அரசப் பாதுகாப்புப் பிரிவு யாஹூவின் அலுவலகத்துக்கு ஓர் அறிவிப்பு அனுப்பி அந்தக் கணக்கின் விவரங்களைக் கேட்டது. கேட்டது கிடைத்தது. நவம்பரில் ஷி தாவ் கைதானார். மறு ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் முகவரி தீர்ப்பில் ஏறியதற்கு யாஹூ கொடுத்த தகவலே ஆதாரம்.

நடந்ததைவிட, நடந்ததற்கு யாஹூ சொன்ன விளக்கம் இந்த விவாதத்துக்கு இன்னும் முக்கியமானது. 2006 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக் குழு யாஹூ, கூகுள், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ ஆகிய நான்கு நிறுவனங்களையும் கூப்பிட்டு விசாரித்தது. என்ன வழக்கு, யார் மீது வழக்கு என்று தகவல் கொடுத்தபோது எங்களுக்குத் தெரியாது என்றார் யாஹூவின் தலைமைச் சட்ட அலுவலர். உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம், மறுத்திருந்தால் எங்கள் சீன ஊழியர்கள் சிறைக்குப் போயிருப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு சீன அறிவிப்பின் நகல் வெளியே வந்தது. வெளிநாட்டுக்கு அரச ரகசியத்தைச் சட்டவிரோதமாகக் கொடுத்த குற்றம் பற்றிய விசாரணை என்று அதிலேயே எழுதியிருந்தது. சீனாவில் அரசியல் எதிர்ப்பாளர்கள் மீது பாயும் குற்றச்சாட்டு அது என்பது அங்கே தொழில் செய்யும் எவருக்கும் தெரியும். 2007 நவம்பரில் யாஹூவின் தலைவர் ஜெர்ரி யாங்கே அதே அவையின் குழு முன் வந்து நின்றார். நாஜி இன ஒழிப்பிலிருந்து உயிர் தப்பியவரான குழுத் தலைவர் டாம் லாண்டோஸ், பின்னால் உட்கார்ந்திருந்த ஷி தாவின் தாயிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். யாங் திரும்பி அந்த அம்மாவுக்குத் தலை தாழ்த்தி வணங்கினார். அடுத்த வாரமே, குடும்பத்தினர் யாஹூ மீது தொடுத்திருந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இந்த விசாரணைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது, ஏன் கொடுத்தீர்கள் என்ற கேள்விதான். அந்தக் கேள்வி காலம் கடந்து வந்தது என்பதே என் வாதம். 2004 ஏப்ரல் 22 அன்று அந்த அறிவிப்பு மேசைக்கு வந்தபோது யாஹூவுக்கு நல்ல வழி எதுவும் மிச்சமில்லை. கொடுத்தால் ஒரு பத்திரிகையாளர் உள்ளே போவார், மறுத்தால் ஓர் ஊழியர் உள்ளே போவார். யாஹூ சீனாவுக்குள் நுழைந்தது 1999-இல். மின்னஞ்சல் சேவையை எங்கிருந்து நடத்துவது, கணக்கு விவரங்களை எங்கே வைப்பது, யார் கேட்டால் யார் எடுத்துக் கொடுக்கும்படி அலுவலகத்தை அமைப்பது என்பதெல்லாம் தீர்மானமான அன்றைக்கே ஷி தாவின் கதியும் பெருமளவு தீர்மானமாகிவிட்டது. 2002-இல் சீன இணையத் துறையின் சுயகட்டுப்பாட்டு உறுதிமொழியிலும் யாஹூ கையெழுத்திட்டது. ஒரு நிறுவனத்தின் அறம் எங்கே வெளிப்படுகிறது என்று பார்க்க வேண்டுமானால், போலீஸ் கதவைத் தட்டும் நாளை விட்டுவிட்டு, சர்வரை எந்த ஊரில் வைப்பது என்று பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் கூடிப் பேசிய நாளைப் பார்க்க வேண்டும்.

இது பின்னாளில் உட்கார்ந்து சொல்லும் புத்திமதி என்று தள்ளிவிட முடியாது. அதே நாட்டில், ஏறக்குறைய அதே காலத்தில், வேறு விதமாக முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள். 2006 ஜனவரியில் கூகுள் சீனத் தேடுபொறியைத் தொடங்கியபோது தணிக்கைக்கு இணங்கியது. அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜிமெயிலையும் பிளாகரையும் சீனாவுக்குள் கொண்டுபோக மறுத்துவிட்டது. பயனரின் தனிப்பட்ட விவரங்கள் அங்கே இருந்தால் ஒருநாள் அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வரும் என்று காரணத்தையும் வெளிப்படையாகவே சொன்னது. 2009-ன் இறுதியில் சீனாவிலிருந்து கூகுளின் கணினிகள் மீது தாக்குதல் நடந்தது. சீன மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் ஜிமெயிலுக்குள் நுழைவது ஊடுருவியவர்களின் நோக்கங்களில் ஒன்று. அந்த வழியில் அவர்கள் எட்டியது இரண்டு கணக்குகளைத்தான், அதிலும் கணக்கு தொடங்கிய தேதி, கடிதத் தலைப்பு போன்ற மேலோட்டமான விவரங்களை மட்டுமே என்று 2010 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. செயற்பாட்டாளர்கள் பலருடைய கணக்குகளுக்குள், பெரும்பாலும் அவர்களுடைய கணினிகளில் புகுத்திய வேவு மென்பொருள் போன்ற வழிகளில், பிறர் நுழைந்துவந்ததும் தெரியவந்தது. ஆகவே சர்வரைத் தள்ளி வைப்பது முழுக் காப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனாலும், திருட்டுத்தனமாக, அரைகுறையாக எடுக்க வேண்டியிருந்த ஒன்றை யாஹூவிடம் ஒரு கடிதத்திலேயே வாங்க முடிந்தது.

இதைவிட வலுவான சான்றை யாஹூவே பின்னர் தந்தது. அவமானத்துக்குப் பிறகு 2008-இல் அந்த நிறுவனம் மனித உரிமைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. வியட்நாமிய மொழியில் வலைப்பதிவுச் சேவை தொடங்கும் நேரம் வந்தபோது, நுழைவதற்கு முன்பே ஆபத்துகளை ஆராய்ந்து, சேவையைச் சிங்கப்பூரிலிருந்து நடத்துவதென்று முடிவெடுத்தது. வியட்நாமிலும் ஒரே கட்சியின் ஆட்சிதான், அங்கேயும் எழுதுகிறவர்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்பு முடியாது என்று கையை விரித்தது பிறகு முடிந்தது. அப்படியானால் முதல் தடவையும் முடிந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க அப்போது அலுவலகத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சட்டத்தை மீறச் சொல்கிறீர்களா என்பது வழக்கமாக வரும் முதல் மறுப்பு. எந்த நாட்டில் தொழில் செய்கிறோமோ அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதுதானே நாணயம், அமெரிக்க அரசு கேட்டால் கொடுப்பதும் சீன அரசு கேட்டால் கொடுப்பதும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள். அமெரிக்க அரசின் ஒட்டுக்கேட்பு பற்றி ஸ்னோடென் 2013-இல் வெளியிட்ட ஆவணங்களைப் படித்த யாரும் இந்தக் கேள்வியை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதற்கும் யாஹூவின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஜெர்ரி யாங் தலை தாழ்த்திய காலத்திலேயே, அமெரிக்க அரசு நீதிபதியின் தனித்தனி ஆணை இல்லாமல் பயனர்களின் தகவலைக் கேட்டதை எதிர்த்து யாஹூ ஒரு ரகசிய நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தது. பணியாவிட்டால் நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் என்று அரசு மிரட்டியது. யாஹூ தோற்றது. 2014-இல் அந்த ஆவணங்கள் பகிரங்கமாயின. தோற்றாலும் வழக்காட ஓர் இடம் இருந்தது, எதிர்வாதம் பதிவானது, பிற்பாடு நாடே அதைப் படித்து விவாதிக்கவும் முடிந்தது. பெய்ஜிங்கிலிருந்து வந்ததோ பாதுகாப்புப் பிரிவே எழுதிய அறிவிப்பு. அதை எதிர்த்து ஒரு வெளிநாட்டு நிறுவனம் போய் நிற்கக்கூடிய சுதந்திரமான நீதிமன்றம் அங்கே கிடையாது. சீன அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவு பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் எழுத்தில் தருகிறது. உள்ளூர்ச் சட்டத்துக்குப் பணிந்தோம் என்கிறவர்கள் அந்த நாட்டின் எழுதப்பட்ட சட்டத்தில் எதற்குப் பணிந்தார்கள் என்று பார்த்தால், அதிகாரி காட்டிய பக்கத்துக்கு மட்டும்தான். மேல்முறையீடு இல்லாத இடத்தில் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது என்பது ஆளுங்கட்சியின் விருப்பத்துக்குக் கீழ்ப்படிவதுதான். அதைத் தெரிந்தே அங்கே போகும் நிறுவனம், கொடுக்கக்கூடிய நிலையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் போக வேண்டும்.

ஊழியர்களின் பாதுகாப்பு பற்றிய மறுப்பை நான் இன்னும் மதிக்கிறேன். அது சாக்காகச் சொல்லப்படுவது உண்டு என்றாலும் ஆபத்து உண்மையானது. 2021 செப்டம்பரில் ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் அணியினர், ஆளுங்கட்சி வேட்பாளரைத் தோற்கடிக்க எங்கே யாருக்கு வாக்களிக்கலாம் என்று சொல்லும் செயலி ஒன்றை வைத்திருந்தார்கள். வாக்குப்பதிவு தொடங்கிய செப்டம்பர் 17 அன்று ஆப்பிள், கூகுள் இரண்டுமே அதைத் தங்கள் கடைகளிலிருந்து எடுத்துவிட்டன. ஏன் என்பது மறு ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட செய்தியில் தெரிந்தது. மாஸ்கோவில் கூகுளின் பெண் உயரதிகாரி ஒருவரின் வீட்டுக்கு ரஷ்ய உளவுத் துறையினர் போய், 24 மணி நேரத்தில் செயலியை எடுக்காவிட்டால் சிறை என்றார்கள். நிறுவனம் அவரை வேறு பெயரில் ஒரு ஹோட்டலில் தங்கவைத்தது. அங்கேயும் வந்தார்கள். ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைத்து நிறுவனம் உறுதியாக நிற்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அதிகாரியைக் காப்பாற்றும் வழி செப்டம்பர் 17-க்கு வெகு முன்பே இருந்தது: முடிவெடுக்கும் அதிகாரமோ கணினியைத் திறக்கும் கடவுச்சொல்லோ உள்ளவரை அந்த நாட்டில் உட்கார வைக்காமல் இருப்பது. அரசுகளுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த ஆண்டு ஜூலையில்தான், ரஷ்யாவில் தினம் 5 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் வெளிநாட்டு இணைய நிறுவனங்கள் உள்ளூரில் அலுவலகம் வைத்தே ஆக வேண்டும் என்று புதின் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். வரி வாங்க அலுவலகம் தேவையில்லை, பிடித்து உட்கார வைக்க ஆள் தேவை.

நாங்கள் இல்லாவிட்டால் மக்களுக்கு இன்னும் இருட்டுதானே என்ற வாதம் கூகுளின் சுந்தர் பிச்சை வாயிலிருந்து வந்தது, தமிழ் வாசகர்களுக்கு அதில் தனி அக்கறை இருக்கும். 2018 ஆகஸ்டில், சீனாவுக்கென்று தணிக்கை செய்யப்பட்ட தேடுபொறியைக் கூகுள் ரகசியமாகத் தயாரிப்பதாகச் செய்தி வெடித்தது. டிராகன்ஃபிளை என்பது அந்தத் திட்டத்தின் பெயர். 1,400 ஊழியர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தேடல்களில் 99 சதவீதத்துக்கு மேல் எங்களால் விடை தர முடியும் என்று அக்டோபரில் பிச்சை விளக்கினார். புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை என்று தேடுகிறவருக்குப் போலி வைத்தியர்களின் விளம்பரம் வருவதைவிடக் கூகுளின் விடை மேல் என்பது நியாயமான பேச்சு. மீதி ஒரு சதவீதம்தான் ஒரு குடிமகன் தன் அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்பதைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தாலும், அந்தத் திட்டத்தில் தணிக்கையைவிடக் கொடிய இன்னொன்று இருந்தது. அதன் மாதிரியில் ஒவ்வொரு தேடலும் தேடியவரின் கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததாக அதே செய்திகள் கூறின. விடையை மறைப்பது ஒரு தீங்கு, கேட்டவர் யார் என்று குறித்து வைப்பது வேறு தீங்கு. முதலாவதில் ஒருவர் அறியாமல் இருந்துவிடுவார், இரண்டாவதில் அவர் வீட்டுக்கு ஆள் வரும். 2006-இல் எந்த எல்லையைத் தாண்ட மாட்டோம் என்று கூகுள் சொன்னதோ, அதையே 2018-இல் அழிக்கப் பார்த்தது. ஊழியர்கள் எதிர்த்து நின்றபின் திட்டம் கைவிடப்பட்டதாக 2019 ஜூலையில் அமெரிக்க செனட்டில் கூகுள் தெரிவித்தது. உள்ளூர் நிறுவனம் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் உள்ளூர் நிறுவனத்தின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும், அதற்கேற்ப வாயைக் கட்டிக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பெயர்ப்பலகை தரும் நம்பிக்கை பொய்யாக இருந்தால் அது இல்லாமையைவிட ஆபத்தானது.

ஆப்பிளின் கதை இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை. ஏனென்றால் தனியுரிமையை ஆப்பிளைப் போல உரக்கப் பேசிய பெரிய நிறுவனம் இல்லை, அந்தப் பேச்சு வெறும் விளம்பரமும் இல்லை. 2016-இல் ஒரு பயங்கரவாதியின் ஐபோனைத் திறக்கத் தனி மென்பொருள் எழுதித் தரச் சொல்லி அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோதும் ஆப்பிள் மறுத்தது. கடைசியில் எஃப்.பி.ஐ. வேறு வழியில் திறந்துகொண்டு வழக்கிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு சீனாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. 2018 பிப்ரவரி 28 முதல் சீனப் பயனர்களின் ஐகிளவுட் தரவு, குய்சோ மாகாண அரசுக்குச் சொந்தமான நிறுவனம் நடத்தும் சேவைக்கு மாறியது. அதைத் திறக்கும் குறியாக்கச் சாவிகளும் முதல்முறையாகச் சீனாவுக்குள் போயின. சாவிகள் எங்கள் கட்டுப்பாட்டில்தான் உள்ளன என்கிறது ஆப்பிள். பெட்டகம் அடுத்தவன் வீட்டில், சாவியும் அதே வீட்டு அலமாரியில், ஆனால் அலமாரி எங்களுடையது என்று சொல்வது போன்றதுதான் இது. ஆப்பிளின் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. தன் தயாரிப்பில் மிகப் பெரும் பங்கையும், 2023 நிதியாண்டுக் கணக்குப்படி வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையும் ஒரே அரசின் பிடியில் வைத்துவிட்ட நிறுவனத்துக்கு மறுக்கும் திராணி எங்கிருந்து வரும்? 2022 நவம்பரில், அருகிலிருக்கும் போனுக்கு இணையம் இல்லாமலே படம் அனுப்பும் ஏர்டிராப் வசதியை, யாரிடமிருந்தும் பெறலாம் என்ற நிலையில் பத்தே நிமிடம் மட்டும் திறந்திருக்கும்படி ஆப்பிள் சீனாவில் முதலில் சுருக்கியது. அரசுக்கு எதிரான சுவரொட்டிகளின் படங்களைச் சீனர்கள் கைமாற்றிக்கொண்ட வழிகளில் அதுவும் ஒன்று. பிறகு உலகம் முழுவதற்கும் அந்த மாற்றம் வந்தது. முதலில் வந்த இடம் எது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, வெளியேறிவிடலாம் என்றால் அதுவும் எளிதில்லை. நார்வே அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் டெலினார், 2014 முதல் மியான்மரில் தொலைபேசிச் சேவை நடத்தியது. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, எந்தத் தளத்தை எந்த நாள் முடக்க உத்தரவு வந்தது என்று தன் இணையதளத்தில் அது வெளியிட்டுவந்தது. இரண்டு வாரத்தில் அதற்கும் தடை வந்தது. ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்கச் சொல்லி ராணுவம் நெருக்கியது. அதற்குப் பணிந்தால் நார்வேயின் தடைச் சட்டங்களை மீறுவதாகும் என்று சொல்லி டெலினார் விற்றுவிட்டுப் போக முடிவெடுத்தது. 10.5 கோடி டாலருக்கு, லெபனானின் எம்1 குழுமத்துக்கு. உள்ளூர்ப் பங்காளி இருந்தால்தான் ஒப்புவோம் என்றது ராணுவ ஆட்சி. ராணுவத்துக்கு நெருக்கமானது என்று செயற்பாட்டாளர்கள் சுட்டிக்காட்டிய ஒரு மியான்மர் நிறுவனம் பெரும்பங்கோடு உள்ளே வந்தது. 2022 மார்ச்சில் விற்பனை முடிந்தபோது, ஏறத்தாழ 1.8 கோடி வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்கள் நிறுவனத்தோடு சேர்ந்து கைமாறின. 474 மியான்மர் அமைப்புகள் சார்பில் நார்வேயில் புகார் கொடுக்கப்பட்டது. டெலினார் தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தது, வாடிக்கையாளரை உள்ளேயே விட்டுவிட்டு. தொலைபேசி நிறுவனம் சர்வரை வெளிநாட்டில் வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அழைப்புப் பதிவுகளை எவ்வளவு காலம் வைப்பது, நாடு சரிந்தால் எதை அழிப்பது, யாருக்கு விற்கவே கூடாது என்பதை 2014-இல் உரிமம் வாங்கும்போதே பேசியிருக்க வேண்டும். அரை நூற்றாண்டு ராணுவ ஆட்சியிலிருந்து அப்போதுதான் தலை தூக்கிய நாடு அது. திரும்ப ராணுவம் வரும் என்பது எவருக்கும் எட்டாத கற்பனை இல்லை.

அரசுகளும் சும்மா இருக்கவில்லை. யாஹூ சிங்கப்பூரில் சர்வர் வைத்தது போன்ற தந்திரங்களுக்கு வியட்நாம் சொன்ன பதில்தான் 2019-இல் அமலுக்கு வந்த அதன் இணையப் பாதுகாப்புச் சட்டம்: தரவு உள்நாட்டில் இருக்க வேண்டும், அலுவலகமும் உள்நாட்டில் வேண்டும். தரவு உள்நாட்டில் இருக்க வேண்டும் என்ற சட்டத்தை ரஷ்யா 2015-லேயே அமலாக்கியது. லிங்க்டுஇன் இணங்காததால் 2016-இல் அங்கே தடை செய்யப்பட்டது. அதே லிங்க்டுஇன் சீனாவில் தணிக்கைக்கு உடன்பட்டுச் சில ஆண்டு ஓட்டிப் பார்த்து, 2021-இல் அந்தச் சேவையை மூடியது. ஜனநாயக நாடுகளும் இந்தப் பாடத்தைப் படித்து வருகின்றன. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள் இந்தியாவில் வசிக்கும் இணக்க அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்கின்றன. சட்டம் மீறப்பட்டால் அவர்மீது வழக்கு வரலாம். ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றத்தில் சொன்னது. வாட்ஸ்அப் அப்படிச் சொல்ல முடிந்ததற்கு இரண்டு காரணங்கள்: போய்ச் சொல்ல நீதிமன்றம் இருந்தது, நிறுவனமே படிக்க முடியாதபடிச் செய்திகளைப் பூட்டும் முடிவு பல ஆண்டு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

ஆகவே நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதை அவை கால் வைக்கும் முன்பே கேட்க வேண்டும். கூகுள் 2020 டிசம்பரில் சவூதி அரேபியாவில் கிளவுட் தரவு மையம் அமைப்பதாக அறிவித்தது. ட்விட்டரின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்திலேயே சவூதிக்கு வேவு பார்த்த ஊழியர்கள்மீது அமெரிக்காவில் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களில் ஒருவர் 6,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை எட்டிப் பார்த்ததாகக் குற்றச்சாட்டு. அவர் சவூதிக்குத் தப்பிவிட்டார், இன்னொருவர் 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதே ஆண்டில், எதிர்ப்பாளர்களுக்கு ஆதரவாக ட்வீட் போட்ட பல்கலைக்கழக மாணவி சல்மா அல்-ஷெஹாபுக்கு சவூதி நீதிமன்றம் 34 ஆண்டு சிறை விதித்தது. தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் உள்ள தரவையே ஆளை வைத்து எடுத்த அரசின் மண்ணில் தரவு மையம் வேண்டாம் என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டுக்கொண்டன. சுயேச்சையான ஆய்வு நடத்தி, அதில் கண்டவற்றுக்கு நடவடிக்கையும் எடுத்தோம் என்றது கூகுள். என்ன கண்டார்கள், என்ன நடவடிக்கை என்று சொல்லவில்லை. 2023-இல் தம்மாம் மையம் திறக்கப்பட்டது. அந்த ஆய்வறிக்கையைக் கூகுள் முழுமையாக வெளியிட வேண்டும்: எந்தத் தரவு அங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, அரசு கேட்டால் மறுக்கும் அதிகாரம் எந்த நாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கிறது என்பதுவரை.